கிம்ப் மென்பொருளில் ஒரு மார்கழி வானம்

இரவு வானம் வரையச் சொன்னால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பின்னணியைக் கருப்பால் நிரப்பி, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளை இறைத்து, மூலையில் பெரிதாக ஒரு நிலாவை வைப்பார்கள். படம் முடிந்துவிடும். ஆனால் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்த வானம் அதில் இருக்காது. கைத்திறன் போதாமல் இப்படி ஆவதில்லை. வானத்தில் வெளிச்சம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாததால் ஆகிறது. அதைத் தெரிந்துகொண்டால் மென்பொருளில் இரண்டு மூன்று கருவிகளே போதும்.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு வானத்தை எடுத்துக்கொள்வோம். மார்கழி பிறந்த ஓரிரு நாளில், இரவு எட்டு மணிக்கு, தமிழ்நாட்டில் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் நின்று கிழக்கே பார்க்கிறீர்கள். நிலா இல்லை. ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் எழுந்து மேலே வந்திருக்கிறது. இதைத்தான் வரையப் போகிறோம்.

மென்பொருள் கிம்ப். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995 வாக்கில் தொடங்கியது. இன்றும் இலவசம். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது, பழைய 2.10 வைத்திருந்தாலும் இங்கே சொல்வது நடக்கும். ஃபோட்டோஷாப், கிரிட்டா வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும், செய்யும் வேலை அதேதான்.

முதலில் அளவு. 1920 பிக்சல் அகலம், 1440 பிக்சல் உயரத்தில் புதிய படம் ஒன்றைத் திறங்கள். இந்த அகலம் வானத்தில் 60 டிகிரியைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண போன் கேமரா படுக்கைவாட்டில் காட்டும் அகலமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அப்படியானால் ஒரு டிகிரிக்கு 32 பிக்சல். இந்த 32 என்ற எண்ணை எங்காவது குறித்து வையுங்கள். எதை எவ்வளவு பெரிதாக வரைவது என்ற கேள்விக்கெல்லாம் இதுதான் பதில் சொல்லும். தொடுவானத்தை மேலிருந்து 1200ஆவது பிக்சலில் வைப்போம். கீழே மிஞ்சும் 240 பிக்சல் ஏரித் தண்ணீருக்கு.

அடுத்தது அடித்தள வண்ணம். எவ்வளவு இருட்டான ஊரிலும் வானம் முழுக் கருப்பாக இருப்பதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கே மிக மெல்லியதாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதோடு தூரத்து ஊர்களின் விளக்கு வெளிச்சமும் தூசியில் பட்டுச் சிதறி வந்து சேரும். உச்சியில் இருட்டு அதிகம், தொடுவானத்தை நெருங்க நெருங்க வெளுப்பு. ஒரு வண்ணத்தை இன்னொன்றாக மெல்ல மாற்றும் கிரேடியன்ட் கருவியை எடுத்து, மேலே சிவப்பு 7, பச்சை 10, நீலம் 24 என்ற வண்ணத்தில் தொடங்கி, தொடுவானத்தில் சிவப்பு 30, பச்சை 40, நீலம் 58 என்று முடியுமாறு மேலிருந்து கீழே இழுங்கள். தொடுவானத்தில் ஓரிடத்தில் மட்டும் லேசாக ஆரஞ்சு கலந்தால் அங்கே ஏதோ ஒரு டவுன் இருக்கிறது என்று பார்ப்பவருக்கே புரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். நீலம் 24இலிருந்து 58க்குப் போக 34 படிகள்தான் இருக்கின்றன. 1200 பிக்சல் உயரத்தை 34 படியாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் 35 பிக்சல் தடிமன் உள்ள பட்டையாகக் கண்ணில் படும். மலைச்சரிவில் வெட்டிய தேயிலைத் தோட்டம் மாதிரி வானம் அடுக்கடுக்காகத் தெரியும். கிரேடியன்ட் கருவியின் அமைப்பில் டிதரிங் என்றிருப்பதை டிக் செய்தால் பட்டைகளின் ஓரம் கலைந்து மறையும். படத்தைத் தொடங்கும்போதே 8 பிட்டுக்குப் பதில், வண்ணப் படிகள் அதிகமுள்ள 16 பிட் துல்லியத்தைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது. முடித்த பிறகு ஜேபெக்காகச் சேமிக்காமல் பிஎன்ஜியாகவே ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் சுருக்கும்போது இந்தப் பட்டைகளை மறுபடி கிளப்பிவிடும், பொடி நட்சத்திரங்களையும் தின்றுவிடும்.

சரி, இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருவோம்.

இருட்டான அறையில் சுவர்மேல் ஒரு டார்ச் அடிக்கிறீர்கள். அதே இடத்தில் தம்பி இன்னொரு டார்ச் அடிக்கிறான். சுவர் இன்னும் வெளிச்சமாகும். எந்த டார்ச்சும் இன்னொன்றை மறைக்காது. வானமும் இப்படித்தான். வளிமண்டல ஒளி, ஊர் வெளிச்சம், பொடி நட்சத்திரங்கள், பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் வரையும் மென்பொருளில் லேயர் எனப்படும் ஒரு படத்தாளுக்கு மேல் இன்னொரு லேயரை வைத்தால், சும்மா விட்டால், அது பெயின்ட் மாதிரி அடியில் இருப்பதை மூடிவிடும். பெயின்டாக இருப்பதை வெளிச்சமாக மாற்றும் வழிதான் லேயர் மோட். லேயர் பட்டியலுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் நார்மல் என்பதை ஸ்க்ரீன் என்று மாற்றினால் அந்த லேயர் டார்ச் ஆகிவிடும்.

ஸ்க்ரீன் உள்ளே செய்யும் கணக்கு எளிது. கருப்பு 0, வெள்ளை 1 என்று வையுங்கள். இரண்டு லேயரிலும் வெள்ளையாவதற்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்த இரண்டு குறைகளையும் பெருக்கி, 1இலிருந்து கழிக்கும். இரண்டும் பாதி வெளிச்சமாக இருந்தால் குறை அரை, அரை. பெருக்கினால் கால். விடை முக்கால். வெளிச்சம் கூடியது, ஆனால் 1ஐத் தாண்டவில்லை. மேல் லேயர் முழுக் கருப்பாக இருந்தால் அதன் குறை 1. எதை 1ஆல் பெருக்கினாலும் அதேதான், ஆகவே கீழே இருப்பது அப்படியே இருக்கும். ஸ்க்ரீன் மோடில் கருப்பு என்றால் கண்ணாடி. இதனால்தான் ஒரு கருப்பு லேயரில் நட்சத்திரங்களைத் தயாரித்து, கருப்பை வெட்டியெடுக்கும் வேலையே இல்லாமல், வானத்தின்மேல் அப்படியே போர்த்த முடிகிறது.

அப்படி ஒரு லேயர் செய்வோம். புதிய லேயரைக் கருப்பால் நிரப்புங்கள். ஃபில்டர்ஸ் மெனுவில் நாய்ஸ், அதற்குள் ஹெச்எஸ்வி நாய்ஸ். ஹியூ, சாச்சுரேஷன் இரண்டையும் பூஜ்யமாக்கி வேல்யூவை மட்டும் ஏற்றுங்கள். சேனல் வராத பழைய டிவி மாதிரி படம் முழுக்கப் பொறி பறக்கும். அதைக் காஸியன் பிளரில் 1 பிக்சல் அளவுக்கு மங்கலாக்குங்கள். பக்கத்துப் பக்கத்துப் பொறிகள் ஒன்றோடொன்று கலந்து பெரும்பாலான இடம் சாம்பல் நிறமாகும். தற்செயலாக வெளிச்சப் பொறிகள் நெருங்கிய சில இடங்கள் மட்டும் தலைதூக்கி நிற்கும். பிறகு கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, இடது ஓரக் கருப்பு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்துங்கள். நெல் தூற்றுகிற மாதிரி. பதரெல்லாம் பறந்து கருப்பாகிவிட, மணிகள் மட்டும் மிஞ்சும். வலது ஓர வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்தால் அந்த மணிகள் மின்னத் தொடங்கும். லேயர் மோடை ஸ்க்ரீனுக்கு மாற்றுங்கள்.

கையால் புள்ளி வைப்பதைவிட இது ஏன் நன்றாக வருகிறது? கை, தன்னை அறியாமல், புள்ளிகளைச் சம இடைவெளியில், சம அளவில் வைக்கும். நாற்று நடும் பழக்கம் கைக்கு உண்டு. வானம் நட்டது அல்ல, இறைத்தது. இரண்டு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் ஒரு பெரிய வெற்றிடம் கிடக்கும். பிரகாசத்திலும் இப்படித்தான். பழங்கால வானியலாளர்கள் நட்சத்திரங்களைப் பிரகாசப்படி ஆறு தரங்களாகப் பிரித்தார்கள். முழு வானத்திலும் முதல் தரத்தில் 20க்குச் சற்று மேல், இரண்டாவதில் 70 அளவு, மூன்றாவதில் 200க்குச் சற்றுக் குறைவு, நான்காவதில் 600 அளவு. ஒரு படி மங்கினால் எண்ணிக்கை சுமார் மூன்று மடங்காகும். மங்கலானவை ஏராளம், பிரகாசமானவை விரல்விட்டு எண்ணும் அளவு. பொறிகளைத் தூற்றும் முறையிலும் தலைதூக்குபவை குறைவாகவே இருக்கும் என்பதால் இந்தச் சாயல் தானாகவே வந்துவிடுகிறது.

எத்தனை நட்சத்திரம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மிக இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடியவை முழு வானக் கோளத்திலும் சுமார் 9000. நம் படத்துக்குள் விழுவது அந்தக் கோளத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, ஏறத்தாழ 500 நட்சத்திரம். அவ்வளவுதான்! புதிதாகச் செய்பவர்களின் படத்தில் பல்லாயிரம் இருக்கும். வானத்தில் உப்பைக் கொட்டியது போல ஆகிவிடும். கேமராவில் நீண்ட நேரம் ஒளி வாங்கி எடுத்த படங்களில் அத்தனை தெரிவது உண்மைதான். ஆனாலும் கண் பார்த்த வானத்தைத்தான் நான் வரையச் சொல்வேன். லெவல்ஸில் கருப்பு முக்கோணத்தைத் தயங்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள்.

இதேபோல இன்னொரு லேயர் செய்து, பிளரை 2 அல்லது 3 பிக்சலாகக் கூட்டி, லெவல்ஸில் இன்னும் கடுமையாக வடிகட்டினால் சற்றே பெரிய, எண்ணிக்கையில் குறைந்த நட்சத்திரங்கள் கிடைக்கும். முதல் லேயரின் பொடிகளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் போதும்.

தொடுவானத்தை ஒட்டி நட்சத்திரங்கள் குறைய வேண்டும். தலைக்கு நேரே வரும் ஒளியைவிட, தாழ்ந்து வரும் ஒளி பல மடங்கு தடிமனான காற்றைக் கடந்து வருகிறது. மங்கலானவை வழியிலேயே அணைந்துபோகும். இதற்கு லேயர் மாஸ்க். லேயரின்மேல் வலது கிளிக் செய்து வெள்ளை மாஸ்க் ஒன்றைச் சேர்த்து, அதில் மேலே வெள்ளை, தொடுவானத்தில் கருப்பு என்று ஒரு கிரேடியன்ட் இழுங்கள். மாஸ்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கருப்பு இருக்கும் இடத்தில் மறையும். எதையும் அழிக்கவில்லை, மனம் மாறினால் மாஸ்கைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்புறம் ஓரியன். இது மட்டும் கையால்தான். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஓரியன் நிமிர்ந்து நிற்பான். நம் ஊர் போலப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால், எழும்போது பக்கவாட்டில் படுத்திருப்பான். இந்தச் சின்ன விஷயத்தைச் சரியாக வைத்தால் போதும், படம் நம் மண்ணில் நின்று பார்த்ததாகிவிடும். கிம்பின் கீழ் ஓரத்தில் சுட்டி நிற்கும் இடத்தின் எண்கள் தெரியும். முதல் எண் இடமிருந்து, இரண்டாவது மேலிருந்து. நம் நேரத்துக்கும் அளவுக்கும் கணக்கிட்ட ஏறத்தாழ இடங்கள் இவை. இடுப்பு நட்சத்திரங்கள் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சற்றே சாய்ந்து: மின்டகா 960, 310, அல்நிலம் 975, 352, அல்நிதக் 990, 395. இடப்பக்கம் மேலே பெல்லாட்ரிக்ஸ் 760, 215. அதன் கீழே திருவாதிரை 680, 445. வலப்பக்கம் மேலே ரீகல் 1240, 250. அதன் கீழே சைஃப் 1215, 515. கடைசியாக, ஓரியனுக்கு வெளியே இருக்கும் பிரகாசமான சிரியஸ், வலப்பக்கம் நன்றாகக் கீழே, 1320, 995.

புதிய கருப்பு லேயர், மோட் ஸ்க்ரீன். ஓரம் மென்மையான தூரிகையில் முதலில் 16 பிக்சல் அளவில், ஒப்பாசிட்டியை, அதாவது அடர்த்தியை, 25க்குள் வைத்து நிறமுள்ள ஒரு வட்டம். அதன் நடுவில் 4 பிக்சலில் வெள்ளைப் புள்ளி. இடுப்பு நட்சத்திரங்களுக்கு 3 பிக்சல் போதும், சிரியஸுக்கு 5. நடுப்புள்ளி வெள்ளையாகவும் சுற்று மட்டும் நிறமாகவும் இருப்பதுதான் நுட்பம். முழுப் புள்ளியையும் ஆரஞ்சாக அடித்தால் நட்சத்திரம் போய் தெருவிளக்கு வந்துவிடும்.

நிறம் எதற்கென்றால், நட்சத்திரங்கள் எல்லாம் வெள்ளை அல்ல. கொல்லன் உலையில் இரும்பு சூடேறும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். நட்சத்திரங்களுக்கும் அதே விதி. நாம் திருவாதிரை என்று சொல்லும் பெட்டல்ஜூஸின் மேற்பரப்பு சுமார் 3500 கெல்வின், அதனால் செம்மஞ்சள். ரீகல் சுமார் 12,000 கெல்வின், அதனால் நீலம் கலந்த வெள்ளை. நம் சூரியன் 5800 அளவில் நடுவே இருக்கிறது. திருவாதிரையின் சுற்றுக்குச் சிவப்பு 255, பச்சை 190, நீலம் 130. ரீகலுக்கு 170, 200, 255. மார்கழி இரவில் வெளியே போய் இந்த இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். ஒருமுறை நிற வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பிறகு எந்த நட்சத்திரத்தையும் வெறும் வெள்ளையாக வரைய மனம் வராது.

நட்சத்திரத்துக்கு நான்கு கூர்முனை வைக்கும் ஆசை வரும். அந்தக் கூர்கள் வானத்தில் இல்லை. ஹபிள் போன்ற தொலைநோக்கிகளின் உள்ளே சிறு ஆடியைத் தாங்கும் கம்பிகளில் ஒளி பட்டு விலகுவதால் வருபவை அவை. ஏரிக்கரையில் நிற்பவர் கண்ணில் தொலைநோக்கி இல்லை, ஆகவே வேண்டாம்.

நிலா இல்லாமல் இரவா என்று கேட்பவர்களுக்காக நிலாவைப் பற்றி. முழுநிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரிதான். நம் படத்தில் 16 பிக்சல். நம்ப முடியாவிட்டால் கையை நீட்டிச் சுண்டுவிரலை நிலாவுக்கு நேரே பிடியுங்கள். விரல் நிலாவை முழுதாக மறைத்துவிடும். தொடுவானத்தில் எழும்போது பெரிதாகத் தெரிவதும் மனம் காட்டும் தோற்றம்தான், அளந்தால் அதே அளவு. உங்களுக்கு 320 பிக்சலில் பெரிய நிலா வேண்டுமென்றால் ஒரு டிகிரிக்கு 640 பிக்சல் ஆகிவிடும். முழுப் படமும் 3 டிகிரிதான் காட்டும். அதற்குள் ஓரியனின் இடுப்பு மூன்றும் மட்டுமே அடங்கும். பெரிய நிலாவையும் பரந்த நட்சத்திரக் கூட்டத்தையும் ஒரே படத்தில் வைப்பது இதனால்தான் கண்ணுக்குப் பொய்யாகப் படுகிறது.

நிலா சும்மா எங்கேயும் நிற்காது என்பதும் முக்கியம். வளர்பிறையின் மெல்லிய கீற்று மாலையில் மேற்கே மட்டும் தெரியும், சில மணி நேரத்தில் மறையும். அதை நள்ளிரவில், கிழக்கில் வைக்க முடியாது. கிழக்கே ஓரியன் எழும் முன்னிரவில் நிலா வேண்டுமானால் அது முழுநிலாவாக, அல்லது அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாகத்தான் இருக்க முடியும். இதற்கு நம்மிடம் ஒரு திருவிழாவே இருக்கிறது. மார்கழித் திருவாதிரை அன்று முழுநிலா திருவாதிரை நட்சத்திரத்தின் பக்கம், படத்தில் இடப்புறம் தள்ளி நிற்கும். ஆனால் அந்த வெளிச்சத்தில் பொடி நட்சத்திரங்கள் காணாமல் போகும், அடித்தள வண்ணமும் ஒரு படி வெளுக்கும். நிலாவா நட்சத்திரக் கூட்டமா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

வேறொரு படத்தில் பிறை வரைந்தால் இரண்டு விஷயம். பிறையின் இரு நுனிகளும் எப்போதும் வட்டத்தின் நேரெதிர்ப் புள்ளிகளில் முடியும். வட்டத்தை இன்னொரு வட்டத்தால் கடித்தால் நுனிகள் கொக்கிபோல் வளைந்துவிடும். அதற்குப் பதில் அரை வட்டம் ஒன்றை எடுத்து, அதே உயரமும் குறைந்த அகலமும் உள்ள நீள்வட்டத்தால் வெட்டுங்கள். அடுத்து, பிறையின் இருட்டுப் பக்கத்துக்குள் நட்சத்திரம் வைக்காதீர்கள். அங்கே இருப்பதும் நிலாதான், ஓட்டை இல்லை.

பால்வீதியைப் பற்றிச் சுருக்கமாக. படங்களில் வரும் அந்தப் பிரகாசமான நடுப்பகுதி தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. மார்கழி முன்னிரவில் தெரியாது. ஓரியன் பக்கம் ஓடுவது மிக மெல்லிய பகுதி. ஃபில்டர்ஸ் மெனுவில் ரெண்டர், நாய்ஸ், சாலிட் நாய்ஸ் என்று போய் மேகம் போன்ற ஒன்றை உருவாக்கி, ஸ்க்ரீனில் ஒப்பாசிட்டி 8 அல்லது 10இல் வைத்து, திருவாதிரைக்குக் கீழே சாய்வாக ஒரு பட்டை மட்டும் தெரியுமாறு மாஸ்க் செய்யுங்கள். இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வரும் அளவில் நிறுத்துங்கள்.

இனி தரை. தொடுவானத்தில் எதிர்க்கரை ஒரு மெல்லிய கருங்கோடு, அதன்மேல் சில பனைகள். கருப்பு என்றாலும் 4, 5, 8 என்று துளி நீலம் விடுங்கள். பனை எவ்வளவு உயரம்? 15 மீட்டர் மரம் 100 மீட்டர் தூரத்தில் நின்றால் எட்டரை டிகிரி, அதாவது 270 பிக்சல். சிரியஸ் தொடுவானத்திலிருந்து 205 பிக்சல்தான் மேலே இருக்கிறது. ஆகவே வலப்பக்கம் ஓர் இடைவெளி விட்டு மரங்களை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓலை அதை மறைத்துவிடும்.

தண்ணீருக்கு லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்தால் இதுவரை வரைந்ததெல்லாம் ஒரே லேயராகக் கிடைக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பி, எதிர்க்கரையோடு எதிர்க்கரை ஒட்டுமாறு கீழே இறக்குங்கள். தொடுவானத்துக்கு மேலே இருக்கும் பகுதியை மாஸ்கால் மறையுங்கள். லீனியர் மோஷன் பிளரை 90 டிகிரியில் வைத்துச் செங்குத்தாக இழுத்தால் மரங்களின் பிம்பம் தண்ணீருக்குள் கரையும். ஒப்பாசிட்டியைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஓரியன் மிக உயரத்தில் இருப்பதால் அவன் பிம்பம் இந்தத் தண்ணீர்ப் பட்டைக்குள் வராது. சிரியஸ் வரும். தொடுவானத்துக்கு மேலே 205 என்றால் கீழேயும் 205, நம்மிடம் இருப்பது 240. தாழ்வாக நிற்கும் சிரியஸ் காற்றின் அசைவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நொடிக்கு நொடி நிறம் மாறித் துடிக்கும். தூரிகையை 2 பிக்சலுக்குக் குறைத்து, அதன் சுற்றில் ஒரு பக்கம் துளி சிவப்பும் மறுபக்கம் துளி நீலமும் வையுங்கள். பிறகு தண்ணீரில், மேலிருந்து 1405ஆவது பிக்சலைச் சுற்றி, மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்றைக் கீழ்நோக்கி இழுத்து, நடுவில் இரண்டு இடத்தில் அழிப்பானால் அறுத்துவிடுங்கள். ஏரி அசைகிறது.